அக்கரைச் செடி

அதப் புடுங்காதீங்க அம்மிணி! கைய எடுங்க. அதேதானுங்க, முள்ளுப் படல் கட்டி வெச்சிருக்கறேனே, அந்தச் செடிதான். நான் நட்டதில்ல, தானா மொளைச்சதுதான். இருந்தாலும் இருக்கட்டும். சத்தம் போட்டுட்டேன்னு பயந்துக்காதீங்க, என்ற தொண்டையே அப்படித்தான். வாழத்தோப்புல இந்தக் கோடியில நின்னு அந்தக் கோடிக்கு ஆள் கூப்பிட்டே பழகிருச்சு.

காலேஜுங்களா? செடியெல்லாம் பேப்பருக்குள்ள வெச்சு அமுக்கிக் கட்டி வெச்சிருக்கறீங்க. இதுக்கும் ஒரு படிப்பு இருக்குதாக்கும். நல்லதுங்க. உக்காருங்க, அந்தப் பாறை இன்னும் சூடேறல. நானும் இங்கதான் உக்காந்திருப்பேன், நாய் திரும்பி வர்ற வரைக்கும்.

அதோ, தடுப்பணை மேல போகுது பாருங்க, செவலை. இப்பத் தண்ணி கம்மிங்க, செவுத்து மேல ஈரம் மட்டும்தான். ஒரே ஓட்டமா அக்கரைக்குப் போயிரும். கூப்பிட்டா நிக்காது. பேரு ரஸ்க்கு. சிரிங்க, சிரிங்க, எல்லாரும் சிரிக்கறதுதான். நாலு பேரு குளிச்சிட்டிருக்கற துறையில நின்னு 'ரஸ்க்கு, ரஸ்க்கு'ன்னு கூவுனா டீக்கடைக்காரன்னு நெனைச்சுக்குவாங்க. அதனால நான் 'டேய்'னுதான் கூப்பிடறது. அதுவும் பழகிருச்சு.

நான் வெச்ச பேரு இல்லீங்க. வூட்ல ஒரு புள்ள இருந்தா, அவ வெச்சது. என்ற மகதான். இப்ப இல்ல. ஐயோ, அப்படிப் பாக்காதீங்க, சாகலீங்க. நான் தலை முழுகிட்டேன், அவ்வளவுதான்.

உங்க பக்கம் இந்தப் பழக்கம் உண்டுங்களா? செத்த வூட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்குத் தண்ணி ஊத்திக்கறோமில்ல, அதே மாதிரி. உசுரோட இருக்கறவங்க நமக்கு வேண்டாம்னு ஆயிட்டா, ஒறம்பரையெல்லாம் கூட்டி வெச்சு, ஆத்துல மூணு முழுக்குப் போட்டு, கட்டியிருந்த வேட்டியத் தண்ணியோட உட்டுட்டு, புது வேட்டி கட்டிட்டு வூட்டுக்குப் போயிரணும். அதோட தீந்துச்சு. அப்பறம் நல்லதுக்கும் இல்ல, கெட்டதுக்கும் இல்ல. அந்தத் துறை தெரியுதுங்களா, துணி தொவைக்கறாங்களே, அங்கதான் முழுகுனேன். கோவத்துல செய்யலீங்க. நிதானமாத்தான் செஞ்சேன். பங்காளிங்க ஏழெட்டுப் பேரு கரையில நின்னாங்க. மொத முழுக்குப் போட்டு எந்திரிக்கறேன், பக்கத்துல தலைய நீட்டிட்டு இந்த நாய். நான் தண்ணியில போயிட்டேன்னு நெனைச்சுக் குதிச்சிருச்சு போல. வேட்டியக் கவ்வி இழுக்குது. என்ற பெரியப்பா பையன் சிரிச்சே போட்டான், 'அண்ணா, நாயும் சேந்து தலை முழுகுதுங்கோ'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு வெச்சுக்குங்களேன். அப்பறம் வூட்டுக்குப் போயி எல்லாருக்கும் சோறு போட்டேன்.

எனக்கு வெசனம் ஒண்ணும் இல்லீங்க. கேக்கறவங்களுக்கெல்லாம் அதான் சொல்றது.

அவ கட்டிக்கிட்ட பையனா? அவன் டிராக்டர் மெக்கானிக்கு. குத்தம் சொல்ல முடியாதுங்க, நல்ல தொழில்காரன். எங்க டிராக்டருக்கே வந்திருக்கறான். ஒரு சத்தத்தக் கேட்டே எங்க கோளாறுன்னு சொல்லிப்போடுவான். வந்தா நானே டீ குடுப்பேன். வாசல்ல நின்னு குடிச்சிட்டு, டம்ளர அவனே தொட்டித் தண்ணியில கழுவிக் கவுத்து வெச்சுட்டுப் போவான். மரியாதையான பையன். அப்படி இருந்தவன் இப்படிப் பண்ணுவான்னு யாருங்க நெனைப்பா? டீ குடுத்தவன் பொண்ணையும் குடுக்கோணும்னு சட்டம் இருக்குதா?

அவ ஒரு பையோட போயிட்டா. நாயக் கூட்டிட்டுப் போகல. எப்படிக் கூட்டிட்டுப் போவா, பஸ்ஸுல ஏத்த மாட்டாங்களே. அவங்கம்மா தவறி ரொம்ப நாளாச்சு. அதனால வூட்ல நானும் நாயும்தான். அது ரெண்டு நாள் வாசப்படியிலயே படுத்துக் கெடந்துச்சு. மூணா நாள் வெடியால வந்து என்ற கால நக்குச்சு. அவதான் தெனமும் கூட்டிட்டுப் போவா, இந்த ஆத்தோரமா, அந்நேரத்துக்கு. சரி, வாயில்லாச் சீவன் என்ன பண்ணுச்சுன்னு நானும் கெளம்புனேன். அப்படித்தான் இந்த நடை. டாக்டர் சொன்னதும் இல்ல, சக்கரையும் இல்ல எனக்கு.

நடக்கறப்ப நான் தலையத் தூக்கறதில்லீங்க. ஆளப் பாத்தா பழமை பேசோணும். 'மக எங்க இருக்கறா, எப்படி இருக்கறா'ன்னு ஆரம்பிச்சிருவாங்க. செடியப் பாத்தா ஒண்ணும் பேச வேண்டியதில்ல. அப்படிப் பாத்துப் பாத்துத்தான் தெரிஞ்சுது, எனக்குப் பேரு தெரியாத செடி இந்தக் கரையில எத்தனை இருக்குதுன்னு. பொறந்ததுல இருந்து இதே ஆத்துல குளிச்சவன்ங்க நான். தும்பை தெரியும், எருக்கு தெரியும், நாயுருவி தெரியும். அந்தக் கல்லுக்கடியில ஊதாப்பூ ஒண்ணு பூத்திருக்குது பாருங்க, காது மாதிரி, ரெண்டே எதழு. அது என்னன்னு தெரியாது. அதுக்கு அக்கட்ட, எலைய மடிச்சா அடிப்பக்கம் வெள்ளையா இருக்குதே, அதுவும் தெரியாது. நீங்க பேரச் சொல்றீங்க, நல்லாத்தான் இருக்குது, மண்டையில ஏற மாட்டேங்குது. அவளா இருந்தா உடனே போன்ல பாத்துச் சொல்லியிருப்பா. செடிப் பைத்தியமுங்க அது. ஒடஞ்ச பக்கெட்டு, பெயிண்டு டப்பா ஒண்ண உட மாட்டா, எல்லாத்துலயும் ஒரு குச்சிய நட்டு வெச்சிருவா. வூட்டுக்குப் பின்னால பொடக்காளியில துணி காயப் போட எடம் இருக்காது. இப்ப இருக்குது. நெறைய எடம் இருக்குது.

ஒரு நா என்னாச்சுன்னா, வெய்யக்காலம், இதே மாதிரி தண்ணி வத்திக் கெடந்துச்சு. நாய் இங்க வந்ததும் மூக்கத் தூக்கி ஒரு தரம் மோந்துச்சு. அப்படியே தடுப்பணையில ஏறி ஓடுச்சு. நானும் கத்திக் கத்திப் பாத்துட்டு உக்காந்துட்டேன். ரெண்டு பீடி முடியறதுக்குள்ள வந்துருச்சு. அன்னிக்கு வூட்ல வெச்ச சோத்தத் தொடல. வயிறு கல்லாட்டம் இருந்துச்சு. மறுநாளும் அதே. ஒருக்கா முன்னங்கால்ல கண்ணாடி குத்திப் புண்ணாக் கெடந்துச்சுங்க, எனக்கு மருந்து வாங்கோணும்னு தோணல, ஆறிரும்னு உட்டுட்டேன். அக்கரைக்குப் போயிட்டு வர்றப்ப மஞ்சளும் நல்லெண்ணெயும் பூசி, வெள்ளத் துணி சுத்தி, கட்டுப் போட்டு வந்துச்சு. யாரோ புண்ணியவதின்னு நெனைச்சுக்கிட்டேன்.

அவ அந்தப் பக்கம்தான் குடியிருக்கறாளான்னா கேக்கறீங்க? எனக்கென்னங்க தெரியும். நான் கேக்கறதும் இல்ல, யாரும் சொல்றதும் இல்ல. நாவமரத்துக்கு அடுத்தாப்புல, நீலக் கதவு போட்ட ஓட்டு வூடுன்னு யாரோ பேசிக்கிட்டாங்க. காதுல உழுந்துச்சு. வாடகை வூடாம். நமக்கெதுக்கு.

இந்தச் செடிக் கதைக்கு வர்றேன். நாய் திரும்பி வர்றப்ப ஒடம்புல ஒண்ணு ரெண்டு காய் ஒட்டிட்டு வரும். ஆமணக்கு விதை பெரிசு இருக்கும், சுத்தியும் கொக்கி கொக்கியா முள்ளு. இக்கரையில நான் பாத்ததே இல்ல அந்த மாதிரி. சரி, இவ எங்கிருந்தோ வெளியூருச் செடி வாங்கியாந்து வாசல்ல வெச்சிருக்கறா, அதுல போயி நாய் பொரண்டுட்டு வருதுன்னு புரிஞ்சுது. நான் இங்க உக்காந்து ஒவ்வொண்ணாப் பிச்சுப் போடுவேன். மழை பேஞ்சுது, அந்தக் காயில ஒண்ணு மொளைச்சுருச்சு. அதுதான் இது. ஆடு கடிச்சுருமேன்னு நாலு முள்ளுக் கொம்ப ஒடிச்சுப் போட்டேன். மழை நின்னதும் கையால கொஞ்சம் தண்ணி அள்ளி ஊத்தறது. ஆத்துத் தண்ணிதான, நம்ம கைக்கு என்ன கேடு. ஆடு வாயே வைக்கலீங்க, அது வேற விசயம். எலை பெரிசு பெரிசா வந்துருச்சு, பூதான் கண்ணுக்கே தெரியல. பூக்காத செடிய எதுக்கு வெச்சிருக்கறாளோன்னு யோசிச்சேன். அவளுக்கு ஏதாவது காரணம் இருக்கும்.

தீவாளி கழிச்சுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு போயி, நாய் ஒடம்பெல்லாம் காய். காது, வாலு, வயிறு, எங்க தொட்டாலும் முள்ளு. பரவால்ல, நல்லாத்தான் வெச்சிருக்கறா, தோட்டமே போட்டுட்டா போலன்னு நெனைச்சேன். தீவாளியன்னிக்கு அக்கரையில வெடி வெடிச்சாங்க, இங்க இருந்து கேட்டுட்டிருந்தேன். ஒரு சரம் ரொம்ப நேரம் வெடிச்சுது. அந்தப் பையன் செலவாளின்னு தோணுச்சு. பொங்கலுக்கும் அப்படித்தான், அந்தப் பக்கம் பொகை தெரிஞ்சுது. நான் வூட்ல தயிரு ஊத்திச் சாப்பிட்டேன். எனக்கு ஒரு நேரம் போதுமுங்க. டிவி ஓடிட்டிருக்கும். என்ன ஓடுதுன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

இந்தா வந்துருச்சு. டேய், வா. கடிக்காதுங்க, மோந்து பாக்கும், அவ்வளவுதான். பாத்தீங்களா, நான் சொன்னனில்ல, எத்தனை காய் பாருங்க. இரு, இரு, ஆடாத. இந்தாங்க, இத உங்க கையில வெச்சுப் பாருங்க. இதுக்குப் பேரு தெரியுங்களா?

மருளூமத்தையா? கேள்விப்பட்டதே இல்லீங்க. அழகுச் செடிங்களா?

களையா?

அதெப்படிங்க களையாகும். அவ வாசல்ல வெச்சிருக்கறா.

ஓஹோ. யாரும் வெக்க வேண்டியதில்ல, தானா வரும். சரி. மாடு கன்னு தின்னாச் செத்துருமா? அதானா ஆடு வாய வைக்கல. ஆட்டுக்கு இருக்கற புத்தி. சரிங்க, காய் உழுகறதுக்கு முன்னாடி புடுங்கோணும்னு சொல்றீங்க. புடுங்கிருங்க. அதுக்கென்ன. நீங்க படிச்சவங்க.

என்னங்க, நாயவே பாக்கறீங்க? எளைச்சிருக்குதா? இல்லீங்க, அது அக்கரையில வயிறு முட்டத் தின்னுட்டு வருது. வூட்ல ரெண்டு வாய்க்கு மேல சோத்தத் தொடறதே இல்லைங்கறேன். விலா எலும்பா? எங்க... ஆமா. தெரியுது. தெனமும் பாக்கற கண்ணுக்குத் தெரியல பாருங்க. இதென்ன, தோல் இப்படித் தொங்குது.

அப்ப இது அங்க திங்கறதில்லையா?

நீங்க அக்கரையில வேலை செஞ்சீங்களா? எப்ப? போன வாரமா. நாவமரத்துக்குப் பக்கத்துலயா. ஆமா, நீலக் கதவுதான். சொல்லுங்க.

பூட்டா?

வாசல் பூரா இந்தச் செடிதானா. இடுப்பு ஒயரத்துக்கா. நடக்க வழியில்லையா. இருங்க அம்மிணி, அவ வாசல்ல ஒரு புல்லு மொளைக்க உடமாட்டா. வெடியால எந்திரிச்சா சீமாறும் கையுமாத்தான் இருப்பா, வாசல் தெளிச்சு, கோலம் போட்டு, அப்பறம்தான் பல்லே வெளக்குவா. நீங்க வேற வூட்டப் பாத்திருப்பீங்க. படியில நாய் படுத்திருந்துச்சா? இந்த நாய்தானா? பூட்டுன கதவுக்கு மூஞ்சிய வெச்சுட்டுப் படுத்திருந்துச்சா.

சரி. குடிமாறிப் போயிட்டாங்க போல. வாடகை வூடுன்னா மாத்தத்தான் செய்வாங்க. போகட்டும். எனக்கு வெசனம் ஒண்ணும் இல்லீங்க. நான் முழுகுனவன். அவ இக்கரையில இருந்தா என்ன, அக்கரையில இருந்தா என்ன.

தீவாளிக்கு முன்னாடியேவா? அப்ப அந்தச் சரம் அவங்க வெடிச்சதில்ல.

யாரு சொன்னாங்க உங்களுக்கு? பக்கத்து வூட்டம்மாவா. என்ன சொன்னாங்க?

சித்த இருங்க. டேய், நகரு.

இன்னொருக்காச் சொல்லுங்க, காதுல சரியா உழுகல.

'அந்தப் புள்ள தலைப்பிரசவத்துக்கு அப்பன் வூட்டுக்குப் போயிருக்குது.'

அப்பன் வூடுன்னா எங்க வூடுதானுங்களே அம்மிணி.

எங்க வூட்டுக்கு வரலீங்களே. தீவாளிக்கு முன்னாடி நான் எங்கயும் போகலீங்க. எங்கயுமே போறதில்ல. கதவத் தொறந்து போட்டுட்டு உள்ளதான் உக்காந்திருந்தேன். வரலீங்க. வந்திருந்தா நாய் குலைச்சிருக்குமே.

மாசமா இருந்திருக்கறா. வாயும் வயிறுமா. நாய்க்கு மஞ்ச பூசிக் கட்டுப் போட்டாளே, அப்பவே இருந்திருக்கும். அந்த நாய்க்குச் சோறு போட்டிருக்கறா, குனிஞ்சு. எனக்குத் தெரியாதுங்க. நாய் வந்து சொல்லுமா.

அக்கம்பக்கத்துல கேட்டிருப்பாங்க. கேக்காம இருப்பாங்களா? 'ஏம்புள்ள, உங்க வூட்ல இருந்து வளையல் போட வரலையா, சீரு கொண்டாரலையா, தலைப்பிரசவம் அப்பன் வூட்லதான'ன்னு வாய் ஓயாமக் கேட்டிருப்பாங்க. உலை வாய மூடலாம், ஊரு வாய மூட முடியுங்களா? அப்பன் தலை முழுகிட்டான்னு எப்படிச் சொல்லுவா. சொல்லியிருக்க மாட்டா. ரோசக்காரி. அதான் அப்பன் வூட்டுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுக் கெளம்பியிருக்கறா. என்ன சொன்னாங்க? கார் வந்துச்சுன்னு சொன்னாங்களா? அப்பா கார் அனுப்பியிருக்கறாருன்னு சொல்லிட்டுத்தான் அவனும் அவளுமா ஏறுனாங்களா.

சரிங்க. அனுப்பியிருப்பேன். அனுப்பியிருக்கோணும். எங்க போனா? எந்த ஆஸ்பத்திரியோ, யாரு கூட இருந்தாங்களோ. அந்தப் பையனுக்கும் அம்மா கெடையாதுங்க. ஒருக்கா ஸ்பேனரத் தொடைச்சுக்கிட்டே சொன்னான். சுடுதண்ணி வெச்சுக் குடுக்கக்கூட ஒரு பொம்பள இல்லாம.

இல்லீங்க, தண்ணி வேண்டாம். நெஞ்சு வலியெல்லாம் இல்ல. இந்த முள்ளு குத்திருச்சு.

அம்மிணி, நீங்க நாளைக்கும் அக்கரைக்குப் போவீங்களா? அந்தம்மாவப் பாப்பீங்களா? எனக்கு ஒரு ஒதவி பண்ணோணும். இப்ப நான் சொன்னதெல்லாம் அங்க சொல்லிப்போடாதீங்க. முழுகுனது, வேட்டிய உட்டது, நாயி குதிச்சது, எதுவும் வேண்டாம். சொன்னா அவ சொன்னது பொய்னு ஆயிரும். நாளைக்கு அந்த வூட்டுக்குத் திரும்பி வந்தான்னா அவங்க மூஞ்சியில எப்படி முழிப்பா? அப்படிப் பண்ணீராதீங்க. 'ஆத்துக்கு அக்கட்ட மோகனா அப்பாவப் பாத்தேன், புள்ள அங்கதான் இருக்கறா, அவரு நல்லாப் பாத்துக்கறாரு'ன்னு சொல்லுங்க. மோகனான்னு பேரச் சொல்லியே சொல்லுங்க, அப்பத்தான் நம்புவாங்க. ராக்கியண்ணன் வூட்லதான் இருக்கறான்னு சொல்லுங்க. என்ற பேரு அது. நெய்யும் கோழியுமா ஆக்கிப் போடறாருன்னு சொன்னாக்கூடத் தப்பில்ல.

இந்நேரம் பொறந்திருக்குமுங்களே. பொறந்துருச்சுன்னே சொல்லிருங்க. தாயும் புள்ளயும் சொகம்னு சொல்லுங்க.

என்ன கொழந்தைன்னு கேப்பாங்க. பொம்பளைங்க, கேக்காம உடமாட்டாங்க. என்னன்னு சொல்லுவீங்க?

ஏதோ ஒண்ணு சொன்னாப் போச்சுன்னு சொல்றீங்க. அது ஆகாதுங்க. பையன்னு சொல்லி வெச்சு, பொண்ணா இருந்துச்சுன்னா? திரும்பி வர்றப்ப கையில புள்ளையோட நிப்பா, மாட்டிக்குவா. மாட்டி உட்டது நானுன்னு ஆயிரும்.

நீங்க நாளைக்குப் போகாதீங்க அம்மிணி. ஒரு நாள் தள்ளிப் போங்க, உங்க செடி எங்கயும் போயிராது. டவுன்ல அந்தப் பையன் வேலை செய்யற பட்டறை எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடிதான். இப்பவே பஸ் இருக்குது. நான் போயி, ஆணா பொண்ணான்னு மட்டும் கேட்டுட்டு வந்துர்றேன்.